சோழர் காலப் படத்தில் தைத்த உடை இருக்கலாமா?

சுவரோவியப்பிரியன்:
பொன்னியின் செல்வன் இரண்டு பாகங்களையும் மறுபடி பார்த்தேன். உடை வடிவமைப்பாளர் ஏகா லக்கானியின் உடைகள் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் அது 10ஆம் நூற்றாண்டுத் தஞ்சை இல்லை. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931இல் கண்டெடுத்த சோழ ஓவியங்களைப் பாருங்கள். ஆடும் பெண்களின் மேலுடம்பில் நகைகள்தான். அரசனுக்கும் சட்டை இல்லை. தையலே தெரியாத காலம், எல்லாம் மடிப்பிலும் முடிச்சிலும் நின்ற உடை. சினிமா அதைக் காட்ட வேண்டாமா?

ஊசிநூல்:
நான் 18 வருஷமாக நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறவள். ஒரு நாட்டிய நாடகத்துக்குச் சிலையில் இருப்பதுபோலவே மார்புக் கச்சையை முடிச்சுப் போட்டுக் கட்டச் சொன்னார்கள். ஒத்திகையில் இரண்டு சுற்று சுற்றியதுமே முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தாள், கண்ணில் தண்ணீர். அன்று ராத்திரி உட்கார்ந்து உள்ளே லைனிங் கொடுத்து, முதுகில் ஹூக் வைத்து, முடிச்சை மேலே தனியாகத் தைத்தேன். பார்ப்பவர்களுக்கு முடிச்சு மட்டும்தான் தெரிந்தது. படப்பிடிப்பில் நாள் முழுக்க அப்படி நிற்கப்போவது ஒரு பெண், சிலை இல்லை.

குடந்தைக்காரன்:
"தையலே தெரியாத காலம்" என்பது தப்பு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும்போது துன்னகாரரையும் சொல்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். சேர அரசன் செங்குட்டுவனிடம் வந்தவர்களில் கஞ்சுகம், அதாவது சட்டை, போட்டவர்களே ஆயிரம் பேர். சோழர் காலத்துக்கு முன்பே ஊசியும் நூலும் இங்கே இருந்தன.

சுவரோவியப்பிரியன்:
சரி, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் யார் போட்டார்கள் என்று பாருங்கள். கஞ்சுகம் போட்டவர்கள் தூது வந்த ஆட்கள். சங்கப் பாட்டான முல்லைப்பாட்டில் மெய்ப்பை, அதாவது சட்டை, போட்டவர்கள் பாசறையில் காவல் நிற்கும் யவனர்கள், அந்தத் தோற்றமே அச்சம் தருவதாகப் பாட்டு சொல்கிறது. சட்டை போட்டவன் ஏவலாள், அல்லது அந்நியன். அரசனின் பெருமை நெசவின் மென்மையிலும் நகையிலும் இருந்தது. நம் சினிமா இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. பதவி உயர உயரத் துணி கூடுகிறது. பார்சி நாடகங்களைப் பார்த்து நம் கம்பெனி நாடகங்கள் எடுத்துக்கொண்ட வெல்வெட்டும் சம்கியும் இன்னும் நம்மை விடவில்லை.

குடந்தைக்காரன்:
அந்த வெல்வெட்டில் ஒரு உயிர் இருந்தது ஐயா. கட்டபொம்மன் என்றதும் என் கண்ணில் நிற்பது 1959இல் சிவாஜி நின்ற நிற்புதான். ஜனங்களுக்கு அரசன் அரசனாகத் தெரிய வேண்டாமா? வெறும் வேட்டியோடு நின்றால் பின்வரிசையில் இருப்பவனுக்கு யார் ராஜா, யார் மந்திரி?

ஊசிநூல்:
அது நாடகக் கொட்டகைக்குச் சரி, அங்கே விளக்கும் குறைவு, தூரமும் அதிகம். கேமரா முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சரித்திர உண்மை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பெண்ணின் ரவிக்கையில்தான் ஆரம்பிக்கிறீர்கள். முதலில் ராஜாவின் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.

சுவரோவியப்பிரியன்:
நியாயம். நானும் ஆடும் பெண்களில்தான் ஆரம்பித்தேன், அது தப்புதான். கச்சும் ஹூக்கும் இருக்கட்டும், அதில் இனி வாதம் இல்லை. துணியில் மட்டும் விடமாட்டேன். சோழர் கால உமை சிலைகளில் தொடைமேல் கீறிய கோடுகளைப் பாருங்கள், பட்டை பட்டையாக, நடுவே சின்னப் பூ. அந்தப் பட்டையைத் தறியில் போட முடியும். சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் போதும். கண்ணைப் பறிக்கும் ரசாயன ஊதா 1856க்கு அப்புறம் வந்தது, அதைக் குந்தவைக்கு உடுத்த வேண்டாம்.

ஊசிநூல்:
அடுத்த மாதம் எனக்கு ஒரு ராஜராஜன் நாடகம் இருக்கிறது. மெல்லிய மல் துணியில் சாயவேர்ச் சிவப்பு கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். இடுப்புக்கட்டின் தொங்கல் எந்தப் பக்கம் விழுகிறது, எத்தனை சுற்று? கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள்.