பொருள்: ரீபார்மிங் – தமிழில் ஒரு சொல், வியாழனுக்குள்

மஞ்சக்குப்பம்:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பழைய வால்வு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பராமரிப்புக் கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பல வருடம் மின்சாரமே காணாத எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்கு வோல்ட்டைச் சிறுகச் சிறுக ஏற்றி, உள்ளே மின்சாரம் கசியாமல் தடுக்கும் ஆக்சைடு படலத்தை மறுபடி வளரவைக்கிறோமே, அந்த ரீபார்மிங்குக்கு என்ன எழுதலாம்? வரைவில் "மீளாக்கம்" என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன். 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).

முத்தியால்பேட்டை:

ஆட்சேபம் உண்டு. மூன்றாம் பாடத்தில் ரீஜெனரேட்டிவ் ரிசீவரை "மீளாக்க ஏற்பி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கையேட்டில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் பையன்கள் குழம்புவார்கள். "புடமிடல்" எப்படி? படிப்படியாகப் பக்குவப்படுத்துவது. சித்த மருந்துக்கடை இருக்கும் ஊரில் இது புரியாதவர் யார்?

லாசுப்பேட்டை:

புடம் வடசொல். தொல்காப்பியர் வடசொல்லுக்கும் இடம் கொடுத்தார் என்று உடனே பதில் வரும், தெரியும். செய்யுளுக்குரிய நால்வகைச் சொல்லில் அவர் அதைச் சேர்த்தது, தமிழ்ச்சொல் கையில் இருக்கும்போதும் கடன் வாங்கு என்பதற்காக அல்ல. அதைவிடப் பெரிய குறை, புடம் என்றால் நெருப்பு. இங்கே சூடுதான் எதிரி. 400 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் கசிந்தால் அந்தச் சின்ன டப்பாவுக்குள் 2 வாட் வெப்பம். என் பரிந்துரை "படலமீட்பு".

நெல்லிக்குப்பம்:

> என் பரிந்துரை "படலமீட்பு"

பொருள் சரி, ஆனால் வினையாக்கிப் பாருங்கள். "மின்தேக்கியைப் படலமீட்பு செய்யவும்." அரசாணை மாதிரி இருக்கிறது. நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது ஐயா: பழக்குதல். புது தோசைக்கல்லை என்ன செய்கிறோம்? பழக்குகிறோம். எண்ணெய் பூசி, காய்ச்சி, மேலே ஒரு மெல்லிய படலம் ஏறும்வரை அவசரப்படாமல் விடுகிறோம். நாள்பட்டுக் கிடந்த கல்லையும் மறுபடி பழக்குகிறோம். பழகு தன்வினை, பழக்கு பிறவினை. உருகு, உருக்கு போல. "மின்தேக்கியைப் பழக்கு." முடிந்தது.

முதுநகர்:

சொல்லை நீங்கள் முடிவு செய்யுங்கள். கடையில் போய் மின்தேக்கி என்று கேட்டால் திருதிருவென முழிப்பான், கண்டன்சர் என்றால்தான் எடுத்துக் கொடுப்பான், அதுவும் இருக்கட்டும். எனக்கு வருத்தம், சொல்லுக்குக் கீழே இருக்கும் செய்முறையே தப்பு. "வேரியாக்கில் (மெயின்ஸ் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில்) மெல்ல மெல்ல ஏற்றவும்" என்று மட்டும் இருக்கிறது. 5ஒய்3, 5யு4 போன்ற, ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வால்வு உள்ள செட்டில் இது நடக்காது. இழை சூடேறும்வரை வால்வு கடத்தாது. வேரியாக் பாதி தூரம் வரும்வரை ஹை டென்ஷனில், அதாவது கண்டன்சருக்குப் போகும் உயர் வோல்ட் டிசியில், ஒன்றும் இருக்காது, பிறகு ஒரே தாவலில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடக்கும்.

ஆகவே கண்டன்சரை செட்டிலிருந்து கழற்றித் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு காரணம் நம் கடற்கரை. தானே புயலுக்குப் (2011) பிறகு மூட்டை கட்டி வைத்த செட்டுகளில் டேக் ஸ்ட்ரிப்பின் (பாகங்களைப் பற்றவைக்கும் முனைகள் கொண்ட அட்டையின்) மேலேயே உப்புப் படிந்திருக்கும். கசிவது அந்த அட்டையா, கண்டன்சரா என்று செட்டுக்குள் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அட்டையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பார்க்கவும். அடி உப்பியிருந்தாலோ, பிசின்போல் ஏதாவது வடிந்திருந்தாலோ குப்பைதான். நன்றாகத் தெரிந்தால், கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி சப்ளை, தொடரில் 100 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர். உள்ளே முழு ஷார்ட் ஆனாலும் 450 வோல்ட்டில் 4.5 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. மீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளில் வைக்கவும். அங்கே 100 வோல்ட் காட்டினால் கசிவு 1 மில்லி ஆம்பியர். 50 வோல்ட்டில் தொடங்கி, மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியபின் அடுத்த 50. ஒவ்வொரு படிக்கும் கால் மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். ஓரிடத்தில் நின்று இறங்கவே மாட்டேன் என்றாலோ, திரும்ப ஏறினாலோ, டப்பா சூடானாலோ தூக்கிப் போடவும். டப்பாவைத் தொட்டுப் பார்ப்பதும் சப்ளையை அணைத்து, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்தபிறகுதான். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம்.

கெபாசிட்டி சரியாகக் காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். கைமீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டில் அளக்கிறது. 400 வோல்ட் கசிவு அதற்குத் தெரியாது.

முத்தியால்பேட்டை:

கண்டன்சர் பேச்சு வந்ததால் ஒரு கொசுறு. பிரெஞ்சில் இன்றும் அது கோந்தான்சத்தேர்தான். ஆங்கிலம்தான் நடுவில் கெபாசிட்டர் என்று மாறிக்கொண்டது. கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், புதுச்சேரிக்கு அவர் விசுவாசமாக இருக்கிறார். புடத்தைத் திரும்பப் பெறுகிறேன். "புத்துயிரூட்டல்"?

முதுநகர்:

கூடவே கூடாது. உள்ளே காய்ந்துபோன எலக்ட்ரோலைட் இதனால் திரும்ப வராது. படலம் மட்டும்தான் வளரும். புத்துயிர் என்று எழுதினால், கசிவு நின்ற கண்டன்சர் புதுசு ஆகிவிட்டது என்று மாட்டிவிடுவார்கள். ஹம் என்ற ஸ்பீக்கர் இரைச்சல் அப்படியே இருக்கும்.

லாசுப்பேட்டை:

அதே காரணத்தால்தான் "படலமீட்பு". எது மீள்கிறது என்று சொல்லே சொல்கிறது. பழக்குதலுக்கு வருகிறேன். பழகு, பழமை, பழம் எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. முதிர்தல் என்ற பொருள் மூன்றிலும் ஓடுகிறது. குறளில் "பழைமை" என்றே ஓர் அதிகாரம், 81ஆவது, நெடுநாள் பழகிய உரிமை பற்றியது. அப்படிப்பட்ட சொல்லை அலுமினியத் தகட்டுக்கு இறக்குவதில் எனக்குத் தயக்கம். போகட்டும், நடைமுறைக் கேள்வி ஒன்று. தொழிற்சாலையில் முதன்முதலில் படலம் ஏற்றுவது பார்மிங். வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர், 450 வோல்ட்டுக்கு அரை மைக்ரானுக்குச் சற்று மேல். அதற்கு என்ன சொல்? அதுவும் பழக்குதலா?

நெல்லிக்குப்பம்:

அது பழக்கல், இது மறுபழக்கல். பழம் வேறு வேர், பழு என்பதிலிருந்து. தனி இழையில் சண்டை போடலாம்.

மஞ்சக்குப்பம்:

நாளை வியாழன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பெரும்பான்மை "பழக்கல்" பக்கம். தொழிற்சாலைப் பார்மிங் கையேட்டில் வரவில்லை, ஆகவே "மறு" வேண்டாம். முதல் முறை வரும் இடத்தில் "பழக்கல், அதாவது ரீபார்மிங்" என்று எழுதிவிடுகிறேன். முதுநகர் ஐயாவின் செய்முறை முழுதாகப் போகிறது.

முதுநகர்:

ஒரு வரி சேருங்கள். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சரில் ஆக்சைடு படலமே கிடையாது. அதைப் பழக்க முடியாது, அதே மதிப்புள்ள பாலியெஸ்டர் பிலிம், 630 வோல்ட், போட்டு மாற்றவேண்டியதுதான்.

லாசுப்பேட்டை:

பாருங்கள், "படலமீட்பு" என்று இருந்தால் அந்த வரியே தேவைப்பட்டிருக்காது. என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும், இரண்டாம் பதிப்பில் பேசுவோம். 12ஆம் பக்கத்தில், கண்டன்சரில் தங்கிய மின்சாரத்தை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டரை "குருதி வடிப்பான்" என்று யார் எழுதியது?