மணிலா வாத்து முட்டை: 29 நாளாச்சு, ஓடு விரியல. தூக்கிப் போட்டுடலாமா?

கேட்டவர் (மன்னார்குடி பக்கம்):
வைக்கோல்போர் அடியில அடைக்கு உட்கார்ந்திருந்த எங்க மணிலா வாத்தை ராத்திரி நாய் கடிச்சுப் போட்டுடுச்சு. அது உட்கார்ந்து அப்போ 5 நாள். காலையில பாத்தா 11 முட்டையும் சில்லுன்னு கிடக்கு. மனசு கேக்கல. தெர்மாகோல் பெட்டி, 40 வாட் பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் சேத்து அன்னைக்கே ஒரு இன்குபேட்டர் கட்டுனேன். சூடு 37.5 டிகிரி. அஞ்சு நாள் கழிச்சு டார்ச் அடிச்சப்ப 4 கூமுட்டை, எடுத்துட்டேன். மத்த 7லயும் ரத்த நரம்பு நல்லா தெரிஞ்சுது.

வாத்துக்கு 28 நாள்னு சொன்னாங்க. அதனால 25ம் நாளே உருட்டுறதை நிறுத்தி, ஈரப்பதத்தை 75க்கு ஏத்திட்டேன். தாய் உட்கார்ந்ததையும் சேத்து இன்னைக்கு 29. கீறல் இல்ல, சத்தமும் இல்ல. பொண்ணு தினமும் காதுல வச்சுக் கேக்குறா. என்ன செய்யட்டும்?

பதில் (வாத்து வளர்க்கிற அக்கா, ஒரத்தநாடு):
தம்பி, தூக்கிப் போட்டுடாதீங்க! 28 நாள் நாட்டு வாத்துக்கு. மணிலா தென் அமெரிக்காவிலேர்ந்து வந்த வேற இனம், அதுக்கு 35 நாள் ஆகும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.

இன்னைக்கு ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. அகலமான பக்கம் காத்தறை தெளிவா, மீதி இருட்டா, ஓரத்துல நரம்பு தெரிஞ்சா உயிர் இருக்கு. நாத்தம் அடிக்கிறதை மட்டும் உடனே எடுத்துடுங்க, பெட்டிக்குள்ள வெடிச்சா மத்ததும் கெட்டுடும்.

ஈரப்பதத்தை இப்பவே 55க்கு இறக்குங்க. முட்டைக்குள்ள இருக்குற தண்ணி கொஞ்சம் ஆவியானாதான் காத்தறை பெருசாகும். இல்லன்னா குஞ்சு மூச்சு விட இடமில்லாம உள்ளயே போயிடும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் 5 போச்சு. திரும்ப ஒரு நாளைக்கு நாலு தடவை உருட்டுங்க. தாய் இரை தேட எந்திரிக்கிற மாதிரி தினமும் பத்து நிமிஷம் மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணி லேசா தெளிங்க. 32ம் நாள் உருட்டுறதை நிறுத்திட்டு 70க்கு மேல ஏத்துனா போதும்.

பதில் (எலக்ட்ரீசியன், கும்பகோணம்):
ஈரப்பத மீட்டரை நம்பாதீங்க, முதல்ல சோதிங்க. ஒரு மூடியில உப்பைப் போட்டு, குழையிற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல எட்டு மணி நேரம் மூடி வைங்க. 75 காட்டணும். கம்மியா காட்டுனா அந்த வித்தியாசத்தைக் கூட்டி, கூடுதலா காட்டுனா கழிச்சுக் கணக்குப் போடுங்க. தெர்மோஸ்டாட் சென்சார் முட்டை மட்டத்துல, பல்பு வெளிச்சம் நேரா படாம இருக்கணும்.

கேட்டவர்:
மீட்டர் 8 கம்மியா காட்டுது! அப்ப நான் வச்சது 83. டார்ச்ல 6 உயிரோட, ஒண்ணு நாத்தம், எடுத்துட்டேன். அக்கா சொன்னபடி மாத்திட்டேன்.

கேட்டவர் (34ம் நாள்):
ரெண்டு முட்டையில சின்ன ஓட்டை, உள்ள கீச் கீச்னு சத்தம்! ஒண்ணு விரிசல் விட்டு 20 மணி நேரம் ஆச்சு, அப்புறம் நகரவே இல்ல. உரிச்சு விடலாமா?

பதில் (ஒரத்தநாடு அக்கா):
கை வைக்காதீங்க தம்பி. மஞ்சள் கருவை வயித்துக்குள்ள இழுத்துட்டு இருக்கும், ஓட்டுல ரத்த நரம்பும் இன்னும் வத்தியிருக்காது. இப்ப உரிச்சா ரத்தம் போய் செத்துடும். ஓட்டை போட்ட பிறகு ஒண்ணரை, ரெண்டு நாள் கூட ஆகும். மூடியைத் திறக்காதீங்க, சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும்.

கேட்டவர் (36ம் நாள்):
நாலு வந்துடுச்சு அக்கா. அந்த நகராத முட்டைதான் கடைசியா, விடியக்காலம் 4 மணிக்கு. பொண்ணு பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்திருந்தா.