கண்ணகை அம்மனுக்கு நித்திய பூசை தேவையா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பில எங்கட ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வைகாசியில மட்டும்தான் திறக்கும். கதவு திறத்தல்ல தொடங்கி கடைசியில குளிர்த்திச் சடங்கோட சரி, மறுகா அடுத்த வருசம்தான். இப்ப வெளிநாட்டுக் காசில கோபுரம் எழும்புது. குருக்களை வச்சு நித்திய பூசையாம், வழிவழியாச் சடங்கு செய்யிற பூசகர் கட்டாடியார் சடங்குக்கு மட்டும் வந்தாக் காணுமாம். எனக்கு மனசு ஒப்பல்ல. நீங்க என்ன சொல்றீங்க?

சைவநெறி_மட்டு:
பூட்டிக்கிடக்கிற கோயிலில பிள்ளைகள் என்னத்தைப் பழகிற? என்ட பொடியன் கொழும்பில இருந்து லீவுக்கு வந்தா வெளிக்கதவைக் கும்பிட்டுட்டுக் கிறுகி வாறான். விளக்கு வச்சா அம்மன் கோவிக்கப்போறாவா?

படுவான்கரைப்_பொடியன்:
அண்ணே, யாழ்ப்பாணத்திலயும் இப்படித்தான் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டில ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவமில்லை எண்டு தள்ளினார். மறுகா அங்க கண்ணகை கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு பேர் மாறிச்சு. பூசை கூடிச்சு, கதை போயிற்று.

சைவநெறி_மட்டு:
நீங்க காக்கிற கண்ணகையே மாறி வந்தவதானே தம்பி! சிலப்பதிகாரத்தில மாநாய்கன் மகள். நம்மட சடங்கில படிக்கிற கண்ணகி வழக்குரைப் பாட்டில மாங்கனியில பிறந்து, பேழையில வச்சுக் கடலில விடப்பட்ட பிள்ளை. சிங்களவரிட்ட பத்தினித் தெய்யோ, அங்கயும் மாங்கனிப் பிறப்புத்தான். இவ்வளவும் தாண்டினவக்கு ஒரு குருக்கள் பாரமா?

கச்சான்காத்து:
இலங்கை மன்னன் கயவாகு கொண்டுவந்த முறையில கைவைக்க நாம ஆர்?

சைவநெறி_மட்டு:
அந்தக் கயவாகுவைச் சிலப்பதிகாரத்தின்ட முன்பகுதி உரைபெறு கட்டுரையில போய்ப் பாருங்க. தினமும் பலியிடுற பீடத்தோட கோட்டம் எடுத்தான் எண்டுதான் இரிக்கு. விழாவும் ஆடியில, வைகாசியில இல்ல.

பாணமை_வழி:
கயவாகுவை விடுங்க. இலங்கை வரலாற்று நூல் மகாவம்சம் அவனைக் கஜபாகு எண்டு சொல்லுது, பத்தினியைப் பத்தி மூச்சே விடல்ல. அவன் பத்தினியின்ட காற்சிலம்பைக் கொண்டுவந்த கதை 17ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூல் ராஜாவலியவிலதான் வருது.

எனக்கு முக்கியம் வேற. ரெண்டு கொம்பைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கிற நம்மட கொம்புமுறி விளையாட்டில வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகை பக்கம். சிங்கள ஆக்கள்ற அங்கெளிய விளையாட்டிலயும் அதே ரெண்டு கட்சி, அதே கொம்பு, அதே இழுப்பு. பாஷையும் சமயமும் மாறியும் அது நிண்டதுக்குக் காரணம், கயிறு ஊர்ச்சனத்தின்ட கையில இருந்ததுதான். குருக்கள் வந்தா நமக்கு என்ன வேலை? அருச்சனைத் துண்டோட வரிசையில நிக்கிற வேலை.

அக்கரைப்பற்றுக்_காக்கா:
வெளியாள் ஒரு சொல்லுச் சொல்றன். உங்கட கோயில் நிருவாகத்தில குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, ஒரு வண்ணக்கர், எங்கட பள்ளி நிருவாகத்தில குடிக்கு ஒரு மரைக்காயர். ரெண்டு பேருக்கும் குடி தாய்வழிதான். இப்ப எங்கட புள்ளையளிட்ட என்ன குடியெண்டு கேட்டா உம்மாட முகத்தைப் பாக்குதுகள். கோபுரத்தை விட்டுட்டு அதைக் கவனிங்க.

வாவிக்கரையான்:
காக்கா சொல்றது சரி. எங்கட கட்டாடியார்ர மகன் கட்டாரில. வழக்குரை படிக்கிற ஐயாவுக்கு இப்ப தொண்டை இழுக்குது. அவருக்குப் பின்னால ஆளில்ல.

சைவநெறி_மட்டு:
அப்ப நான் ஒள்ளுப்பம் இறங்கி வாறன். கதவைத் திறக்க வேணாம். வெள்ளிக்கிழமையில வெளி மண்டபத்தில பிள்ளைகளை இருத்தி, பொம்பிளைப் பிள்ளைகளையும் சேத்து, வழக்குரை பழக்கலாமே?

படுவான்கரைப்_பொடியன்:
சடங்கில்லாத நாளில அந்தப் பாட்டை வாயில எடுக்கக்கூடாதெண்டு எங்கட பெத்தா சொல்லுவா. ஊருக்கு அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வருமாம்.

சைவநெறி_மட்டு:
அப்ப எப்ப மனே பழகிற?