“துப்பறியும் கதை எண்டு சொல்லிப்போடாதேங்கோ”: உங்களுக்கும் நடந்திருக்கா?

கோண்டாவிலான்:
போன மாதம் யாழ் நகரில் ஒரு நாவல் வெளியீடு. மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, நாலு வாழ்த்துரை, முதற்பிரதி எல்லாம் முடிந்து ஆய்வுரை தொடங்கவே ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிவிட்டது. நாவலின் முதல் அத்தியாயத்திலேயே கிணற்றில் பிணம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். கொன்றது யார் என்பது கடைசிக்கு முதல் அத்தியாயத்தில்தான் வெளிக்கிறது. ஆய்வுரைக்காரர் மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வசனம்: “இதைத் துப்பறியும் கதை என்று யாரும் கொச்சைப்படுத்திவிடக் கூடாது.” பிறகு இருத்தலியல், படிமம், கிணறு ஒரு குறியீடு. எனக்குக் கொட்டாவி.

தேத்தண்ணி நேரம் ரோல்ஸும் கையுமாகக் கிட்டப் போனேன். “சேர், துப்பறியும் கதை எண்டா என்ன குறை?”

“தம்பி, உதுகள் பஸ்ஸுக்கை வாசிச்சுப்போட்டு எறியிற சாமான்.”

“சரி சேர். கொலைகாரன் ஆரெண்டு உங்களுக்கு எப்ப பிடிபட்டது?”

மனிதரின் முகமே மாறிவிட்டது. “ஆறாம் அத்தியாயத்திலையே! கிணத்துக் கயிறு புதுசு எண்டு ஒரு வரி வருது, கவனிச்சனீரோ?” கயிறு, கப்பி, தபாலதிபரின் மறதி என்று கால் மணித்தியாலம் கதைத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. மேடையில் பேசியதைவிட அதுதான் நல்ல ஆய்வுரை.

வடமராட்சிப் பெட்டை:
என் கதையில் எதிர்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1990க்குப் பிறகு போரால் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று, ராஜேஷ்குமார் மாத நாவல் ஒன்று, வாசிக்க மூன்று பேர். அண்ணா கம்பிப் பின்னைக் கழற்றிப் புத்தகத்தை மூன்றாகப் பிரிப்பார். கடைக்குட்டி எனக்கு எப்போதும் கடைசித் துண்டுதான் முதலில் வரும். கொன்றவனைத் தெரிந்துகொண்டு, செத்தவர் யாரென்று அறிய இரண்டு நாள் காத்திருப்பேன்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று கட்டுரை. தேர் வடம் பிடித்தவர், கச்சான் விற்ற ஆச்சி, பூசை செய்த ஐயர் எல்லாரும் ‘திடுக்கிட்டுத் திரும்பினார்கள்’. ரீச்சர் ஏழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, “பிள்ளை, சாமியும் திடுக்கிட்டவரோ?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ரீச்சர் கண்டித்தது சரி. ஆனால் அந்தத் துண்டுப் புத்தகங்கள் இல்லாவிட்டால் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதோடு சரி.

ஒழுங்கை:
எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் ‘நல்ல’ புத்தகங்கள் கண்ணாடி அலுமாரியில், இலக்கமிட்டு. குடும்ப நாவல், மர்ம நாவல், 1970களில் இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் இங்கேயே வெளிவந்த வீரகேசரிப் பத்திரிகையின் நாவல் பிரசுரங்கள் எல்லாம் மேசைக்குக் கீழே பிஸ்கட் பெட்டியில். பதிவேட்டில் ஏறாது. மட்டை கிழிந்து கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தது அந்தப் பெட்டிப் புத்தகங்கள்தான். அலுமாரியில் இருந்தவை இன்றைக்கும் புதுசு.

நல்லூர் மூத்தவன்:
பிள்ளையள், இந்த ஊருக்கு இது புதுசில்லை. 1960களின் தொடக்கத்தில் கே. டானியல், டொமினிக் ஜீவா போன்ற எழுத்தாளர்கள் ஊர்ப் பேச்சில் கதை எழுதியபோது, பண்டிதர்கள் அதை இழிசனர் வழக்கு, அதாவது தாழ்ந்தவர்களின் பேச்சு, என்றார்கள். மொழி கெடுகிறதாம். சொல்லில் சாதியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு ஒப்பிட்டால் மர்ம நாவலுக்கு விழும் ஏளனம் தூசுதான், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் எழுத்தாளர் பக்கம் நின்ற என் கூட்டாளி ஒருவர், பேத்தி பேய்க்கதை எழுதுகிறாள் என்றதும் “உது இலக்கியமே?” என்று கேட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பேத்தி விடவில்லை. “தாத்தா, நீங்கள் சொன்ன முனிக் கதைதான் எழுதினனான்” என்றாள். ஆள் கப்சிப்.

வடமராட்சிப் பெட்டை:
கோண்டாவிலான், அந்தக் கிணற்று நாவல் எங்கே வாங்கலாம்? கொலைகாரன் யாரென்று மட்டும் எழுதிப்போடாதீர்கள்.

கோண்டாவிலான்:
இல்லை அக்கா. ஆனால் கயிற்றைப் பற்றி ஏற்கெனவே உளறிவிட்டேன். மன்னிக்கவும்.