பலாமர வேலை தெரிந்த ஆசாரி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளை பக்கம். 3 வருஷத்துக்கு முன் கடையில் ரெடிமேட் அலமாரி ஒன்று வாங்கினோம். இங்கே ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அடிப்பலகை ஈரத்தில் ஊறி, புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு அது. ஒருமுறை ஊறி உப்பிவிட்டால் பழையபடி ஆகாது, கீலில் ஸ்குரூவும் நிற்காது. அதே அறையில் பாட்டியின் பலாமரப் பெட்டி இன்றும் அசையாமல் இருக்கிறது. மஞ்சளாக இருந்த மரம் நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

இனி வருஷத்துக்கு ஒரு மரச்சாமான் போதும், ஆனால் பிள்ளைகள் காலம்வரை நிற்க வேண்டும். தோட்டத்தில் சாய்ந்த பலாவை அறுத்து, ஒன்றரை அங்குலப் பலகையாக நிழலில் அடுக்கி 5 மாதம் ஆகிறது. இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துத்தான் அடுக்கியிருக்கிறோம். இன்னும் எத்தனை மாதம் காய வேண்டும்? அலமாரி செய்தால் அதன் கதவுக்கு மட்டும் அயனி மரம் போடலாமா, இரண்டு மரமும் ஒத்துப்போகுமா?

அப்புறம் முக்கியமான விஷயம். ஆணியை நம்பாமல் மரத்தை மரத்தில் கோத்துச் செய்கிற ஆசாரி குழித்துறை, மார்த்தாண்டம், பாறசாலை பக்கம் யாராவது உண்டா? அவர் செய்த வேலையை நீங்கள் வீட்டில் வைத்துப் புழங்கியிருந்தால் ரொம்ப நல்லது. நாள் கூலியா, மொத்தமாகப் பேசுவாரா என்பதையும் சொல்லுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் காத்திருக்கிறோம்.