மலிவு விலை வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: பழைய இசைத்தட்டுகளுக்கு ஏற்றதா?

சிப்புட் இசைத்தட்டு எழுதியது:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் லயங்களைக் காலி செய்துவிட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றில், பழைய அரக்கு இசைத்தட்டுகள் இன்னமும் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. அவற்றை இரவல் வாங்கி, ஆல்கஹால் கலக்காத நீரில் கழுவி, கணினியில் பதிவு செய்து, தட்டையும் பிரதியையும் உரியவர்களிடமே திருப்பிக் கொடுப்பதை ஓராண்டாகச் செய்து வருகிறேன். நாதசுரமும் தவிலும்தான் மிகுதி. நாடகப் பாடல்களும் திரைப்பாடல்களும் அடுத்து வரும்.

சென்ற மாதம் மேசையில் வைத்துக்கொள்ளும் சிறிய வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். இரண்டு 6ஜே1 வால்வுகள், 12 வோல்ட் அடாப்டர், உள்ளங்கை அகல உலோகப் பெட்டி. விலை இருநூறு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவு. என்னிடம் இருப்பது 32 ஓம் மின்தடை கொண்ட, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன். கணினியிலேயே நேராகச் செருகிக் கேட்டபோது ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டியின் வழியாகக் கேட்டபோது அந்த உறுமல் அடங்கி, பாடகரின் குரல் தனியாக முன்வந்து நின்றது. வால்வு காலத்து ஒலிப்பதிவை வால்வின் வழியாகக் கேட்பதுதான் முறை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. பழைய பாடல்களை விரும்புகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அளவுகோல் (கூலிம்) எழுதியது:

நீங்கள் செய்யும் பணியை மதிக்கிறேன். அதனால்தான் மறுத்து எழுதுகிறேன். நீங்கள் கேட்ட மாற்றம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கு வால்வுதான் காரணம் என்பதற்கு நீங்கள் எந்தச் சான்றும் தரவில்லை.

முதலில் ஒலியளவு. இரண்டு கருவிகளையும் ஒரே அளவில் வைத்து ஒப்பிட்டீர்களா? ஒலி கூடக் கூட, தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் நம் காது கூடுதலாக உணர்கிறது என்பதை பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து வெளியிட்டார்கள். ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் கருவியை ‘ஒலி கூடியது’ என்று நாம் சொல்வதில்லை. ‘தரம் கூடியது’ என்றே சொல்கிறோம்.

அடுத்தது, உறுமல் ஏன் அடங்கியது என்பதற்கே விடை தரக்கூடியது. இத்தகைய பெட்டிகளில் ஹெட்ஃபோனை இயக்குவது வால்வு அன்று. வால்வுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சில்லு (சிப்). ஒரே 12 வோல்ட் மின்வழங்கலில் அது இயங்குவதால், அதன் வெளியீட்டில் ஏறத்தாழ 6 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். அது ஹெட்ஃபோனுக்குப் போய்விடாமல் தடுக்க ஒரு மின்தேக்கியை (கெபாசிட்டர்) இடையில் வைப்பார்கள். செலவைக் குறைக்க 100 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால், 32 ஓம் ஹெட்ஃபோனோடு சேர்ந்து அது ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் ஒரு வடிகட்டியாகிவிடும். 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும் 25 ஹெர்ட்ஸில் 7 டெசிபலும் குறையும். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் மாறாது. தட்டைச் சுழற்றும் மோட்டாரின் உறுமல் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தட்டில் குறைத்துப் பதிந்த தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும்போது உயர்த்தித் தரும், 1954இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. சமப்படுத்தல் முறைப்படி இயங்கும் முன்பெருக்கியை (ப்ரீஆம்ப்) நீங்கள் பயன்படுத்தினால், அது 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட 50 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 17 டெசிபல் உயர்த்துகிறது. பாட்டோடு உறுமலும் உயர்கிறது.

பெட்டியைத் திறந்து அந்த மின்தேக்கியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

வால்வு வானொலி (கோலகங்சார்) எழுதியது:

நாற்பது ஆண்டுகளாக வால்வு வானொலிகளைப் பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில் இருவரோடும் மாறுபடுகிறேன்.

தம்பி அளவுகோல் எல்லாவற்றையும் மின்தேக்கியில் கொண்டுபோய் முடித்துவிடுகிறார். வால்வு சேர்க்கும் சிதைவு (டிஸ்டார்ஷன்) பெரும்பாலும் இரண்டாம் மேற்சுரம். அதாவது நீங்கள் ஸட்ஜத்தை வாசித்தால் அது மேல் ஸட்ஜத்தைக் கொஞ்சம் சேர்க்கிறது. மூன்றாவது மேற்சுரம் மேல் பஞ்சமம்; ஐந்தாவது, தம்புராவில் தானாகவே ஒலிக்கிறது என்று வித்துவான்கள் சொல்லும் அந்தர காந்தாரம். இவை இசைக்கு அந்நியமானவை அல்ல. எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணி (தோட்டத்துத் தலைமை எழுத்தர்) வீட்டுத் திண்ணையில் இருந்த வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலின் நிறைவு என்னவென்று தெரியும்.

ஆனால் தம்பி இசைத்தட்டு வாங்கியிருப்பதை நான் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 6ஜே1 என்பது அமெரிக்க 6ஏகே5 வால்வின் சீனப் பதிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயர் அதிர்வெண் வேலைக்காக, ரேடார் வாங்கிகளுக்காக உருவான வால்வு அது. அதன் ஆனோடு (நேர்மின்முனை) 180 வோல்ட் வரை தாங்கும். அதற்கு 12 வோல்ட் கொடுத்து ஓட்டுவது, காளையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுவிட்டு உழச் சொல்வதைப் போன்றது. சில பெட்டிகளில் வால்வின் அடியில் ஆரஞ்சு நிற எல்.இ.டி. விளக்கை வைத்து, இழை எரிவதைப் போலக் காட்டுகிறார்கள். உங்களுடையதிலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

திறப்பதில் ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். இந்தப் பெட்டி 12 வோல்ட், அச்சமில்லை. பழைய வானொலியின் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும்.

அளவுகோல் எழுதியது:

ஐயா, மேற்சுரக் கணக்கு சரியானது. ஆனால் அது ஒற்றைச் சுரத்துக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள் நுழைந்தால், அதே சிதைவு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்டாக்கும். 400 ஹெர்ட்ஸும் 530 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் 130, 930 ஆகிய இரண்டும் புதிதாகப் பிறக்கும். அவை அந்த இரண்டு ஒலிகளின் மேற்சுரங்கள் அல்ல. இரட்டை நாதசுரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது இப்படிப் பிறப்பவற்றைக் ‘கனிவு’ என்று நான் சொல்ல மாட்டேன்.

12 வோல்ட் விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் சிறு திருத்தம். 1950களின் பிற்பகுதியில் கார் வானொலிகளுக்காகவே, ஆனோடில் 12 வோல்ட் இருந்தாலே இயங்கும் வால்வுகளைச் செய்தார்கள். இறுதிக் கட்டத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ஆகவே கலப்பு அமைப்பு புதிய ஏமாற்று அன்று. ஆயினும் அவை அந்த மின்னழுத்தத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை, 6ஜே1 அப்படியன்று என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

சிப்புட் இசைத்தட்டு எழுதியது:

நேற்றிரவு பெட்டியைத் திறந்தேன். இரண்டு வால்வுகளின் அடியிலும் எல்.இ.டி. இருக்கிறது. அதைப் பார்த்தபோது மனம் வருந்தியது உண்மை. ஆனால் வால்வைக் கழற்றினால் ஒலி நின்றுவிடுகிறது. ஆகையால் அது வெறும் அலங்காரமும் அன்று. வெளியீட்டு மின்தேக்கிகளில் 100 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அளவுகோல் அவர்கள் பார்க்காமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

என்றாலும் ஓர் எண்ணைப் படித்ததாலேயே என் காது பொய் சொன்னது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

உங்கள் காது பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தவறாகக் குறித்துவிட்டீர்கள்.

400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகியிருக்கும் நிலையிலேயே, மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட 2 வோல்ட் அளவையில் வைத்து இரண்டு கருவிகளின் வெளியீட்டையும் அளந்து சமப்படுத்துங்கள். மலிவான மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும். அதனால்தான் 400 என்கிறேன். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பிறகு இணைப்பை மாற்றுவது வேறொருவராக இருக்கட்டும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. முடிந்தால் 300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றையும் இரவல் வாங்குங்கள். அதே மின்தேக்கி 300 ஓமோடு சேர்ந்தால் வடிகட்டும் எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். உறுமலை அடக்கியது வால்வாக இருந்தால் 300 ஓமிலும் அது அடங்கியே இருக்க வேண்டும்.

வால்வு வானொலி எழுதியது:

சோதனை நல்லதுதான், அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் இது, அரை நிமிடம் அது என்று மாற்றி மாற்றிக் கேட்டால் வேறுபாடு பிடிபடுமே தவிர, இரண்டு மணி நேரம் கேட்ட பிறகு காது களைக்கிறதா என்பது பிடிபடாது. நான் வால்வை விரும்புவது அந்த இரண்டாவது மணி நேரத்துக்காக.

சிப்புட் இசைத்தட்டு எழுதியது:

ஈப்போவில் இருக்கும் நண்பரிடம் 300 ஓம் ஹெட்ஃபோனை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு இரவுகள் என் தங்கை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இணைப்பை மாற்றிக் கொடுத்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், நான் இதுவரை கேட்டுவந்த நிலையில் இரண்டையும் அளந்தேன். கணினி 0.20 வோல்ட், வால்வுப் பெட்டி 0.26 வோல்ட். இரண்டு டெசிபலுக்கு மேல் கூடுதலான ஒலியைத்தான் ‘குரல் முன்வந்து நிற்கிறது’ என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். சமப்படுத்திய பிறகு குரல் எங்கிருந்ததோ அங்கேயே நின்றது.

32 ஓமில் பன்னிரண்டு முறையும் பெட்டியைச் சரியாகக் கண்டுபிடித்தேன். உறுமல் இருக்கிறதா இல்லையா என்பதே போதுமாக இருந்தது. 300 ஓமில் பன்னிரண்டில் ஏழு. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான் வந்திருக்கும். பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் அந்தச் சில நொடிகளில், 300 ஓமில் இரண்டு கருவிகளிலும் உறுமல் ஒரே மாதிரி தெளிவாகக் கேட்டது.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. இந்த ஒரு மாதமாக, பதிவு செய்த கோப்புகளை இந்தப் பெட்டியின் வழியாகக் கேட்டுத்தான் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று முடிவு செய்து, உறுமலை வடிகட்டாமலேயே குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். என் காதுக்கு எட்டாமல் போனது கோப்பில் அப்படியே இருக்கிறது. அவர்கள் வீட்டில் பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டால் அது அதிரத்தான் செய்யும். ஒரு குடும்பத்தார் நாதசுரப் பதிவைத் தம் தந்தையாரின் நினைவு நாளில் எல்லாரும் கேட்கும்படி போடப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அளவுகோல் எழுதியது:

நான் சொல்ல நினைத்து, கடுமையாக இருக்குமோ என்று விட்டது இதுதான். இன்பத்துக்காகக் கேட்கிறவர் எந்தக் கருவியில் கேட்டாலும் அது அவருடைய உரிமை. ஆனால் பிறர் கையில் கொடுக்கப்போகும் பிரதியைச் சரிபார்க்கிறவருக்கு, குறையை மறைத்துக் காட்டும் கருவி ஆகாது.

வடிகட்டாத மூலப் பதிவுகளை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இருந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே செங்குத்தாக, எண்மத்துக்கு (ஆக்டேவ்; அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் வீதம் வெட்டுங்கள். எல்லையை அதற்கு மேல் உயர்த்துவதற்கு முன் தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்க அடிகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு உயர்த்துங்கள். உறுமலோடு சேர்ந்து அதுவும் மெலிந்துவிடக் கூடாது.

வால்வு வானொலி எழுதியது:

பிரதி எடுக்கும் வேலையைப் பொறுத்தவரை அளவுகோல் சொல்வதே சரி. அதில் எனக்கு வாதம் இல்லை. வால்வு வெறும் சிதைவு என்ற அவருடைய கருத்தோடு மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை. முழு மின்னழுத்தம் கொடுத்த ஒரு வால்வுக் கருவியை அவர் கோலகங்சாருக்கு வந்து கேட்டுவிட்டுப் பேசட்டும்.

தம்பி இசைத்தட்டு, பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். அந்த இரண்டு மின்தேக்கிகளையும் எடுத்துவிட்டு 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் வைத்துப் பற்றவையுங்கள். 32 ஓமிலும் எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நேர், எதிர் முனைகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தேக்கி பெரியதானால் மின்னிணைப்பு கொடுக்கும்போது எழும் ‘தொப்’ ஒலியும் பெரியதாகும். ஆகையால் பெட்டியை இயக்கி அரை நிமிடம் கழித்த பிறகே ஹெட்ஃபோனைச் செருகுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வால்வின் கால்களில் களிம்பு படிந்து கரகரக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்துப் பொருத்துங்கள்.

சிப்புட் இசைத்தட்டு எழுதியது:

மூலப் பதிவுகள் அனைத்தும் தனி வன்தட்டில் இருக்கின்றன. முதல் இடுகையில் ‘தயங்காமல் வாங்கலாம்’ என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி வாங்க நினைப்பவர்கள் தம் ஹெட்ஃபோன் எத்தனை ஓம் என்பதையும், பெட்டியின் வெளியீட்டு மின்தேக்கி எவ்வளவு என்பதையும் கேட்டறிந்த பிறகு வாங்கட்டும்.

1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை வாங்கி வந்துவிட்டேன். பற்றவைத்த பிறகு 32 ஓம் சோதனையை மறுபடி செய்து இங்கே எழுதுகிறேன். நினைவு நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருப்பதால், அந்த நாதசுரப் பதிவை நேற்றே 30 ஹெர்ட்ஸில் வெட்டி, 300 ஓம் ஹெட்ஃபோனில் தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டேன். தவிலின் தொப்பி மெலியவில்லை. புதிய பிரதியை இன்று மாலை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வரப் போகிறேன்.