புதுப்பிப்பு: அன்ரியல் டோர்னமென்ட் சனிக்கிழமை ஆட்டம்

1999-இல் வந்த இந்தத் துப்பாக்கிச் சண்டை கேமை இன்னும் ஆட ஆள் இருக்கிறதா, ரசிகர்கள் நடத்தும் கொடி பிடிக்கும் ஆட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் ஆடிவிட்டேன். (எதிரணியின் கொடியை எடுத்து நம் தளத்துக்குக் கொண்டுவருவதுதான் ஆட்டம்.)

எந்தெந்த சர்வரில் ஆடலாம் என்று பட்டியல் தரும் அதிகாரபூர்வ மாஸ்டர் சர்வர் 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஓல்டுஅன்ரியல் என்ற ரசிகர் குழு வெளியிட்ட 469 என்ற புதுப்பிப்பு பேட்சைப் போட்டதும் சர்வர்கள் வரிசையாக வந்தன.

ஆடிய மேப் (களம்) ஃபேசிங் வேர்ல்ட்ஸ், இந்த கேமின் மிகப் பிரபலமான மேப். (வேறு என்னவாக இருக்கும்!) விண்வெளியில் மிதக்கும் பாறை, இரு முனையிலும் கோபுரம், நடுவே ஒதுங்க இடமில்லாத மேடு. கொடியோடு மேட்டில் ஏறினாலே கோபுரத்து ஸ்னைப்பர்கள் கதையை முடித்துவிடுவார்கள். டிரான்ஸ்லொக்கேட்டரில் (நொடியில் வேறு இடத்துக்குத் தாவவைக்கும் கருவி) தாவினால் கொடி கையைவிட்டுப் போய்விடும். ஓடத்தான் வேண்டும். பிங் (இணையத் தாமதம்) எகிறியதால் நான் குறிபார்ப்பதை விட்டுவிட்டுக் கொடிக்குக் காவல் நின்றேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம், வர நினைப்பவர்கள் பேட்சை முன்பே போட்டுவிடுங்கள்.